மலை கடந்த வண்டிப்பாதை

நாடுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கொடிகளையும் பற்றியே எழுதுகின்றனர். சாலைகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். கோட்டை நின்ற இடத்தில் நிற்பது. அதனுள் இருந்தவர்களின் கதையையே அது சொல்லும். சாலையோ ஊர்தோறும் செல்வது. ஆணையிட்டவர், கல்லுடைத்தவர், சரக்கேற்றியவர், படை நடத்தியவர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர் ஆகிய அனைவருடைய அடிச்சுவடும் அதன்மீது பதிந்திருக்கும். பிறந்த ஊரிலிருந்து நெடுந்தூரம் வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்குச் சாலையின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, நேயர்கள் பலரும் பெயரளவிலேயே அறிந்திருக்கக்கூடிய ஒரு தூரத்துத் தீவிலுள்ள பழைய சாலை ஒன்றின் கதையை இங்கே கூற விழைகின்றோம்.

அத்தீவின் பெயர் புவேர்ட்டோ ரிக்கோ. கரிபியன் கடலின் வட எல்லையில் அட்லாண்டிக் மாகடலைத் தொட்டுக்கொண்டு கிடப்பது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமும், வடக்குத் தெற்காக 55 கிலோமீட்டர் அகலமும் உடையது. பரப்பில் நமது சிக்கிம் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது. 1493ஆம் ஆண்டில் கொலம்பஸ் அங்குக் கால் வைத்தபோது, தீவுக்குச் சான் ஹுவான் என்ற திருத்தொண்டரின் பெயரைச் சூட்டினார். பின்னர் அதன் வடகரையில் எழுந்த நகருக்கு 'வளமான துறைமுகம்' என்னும் பொருளில் புவேர்ட்டோ ரிக்கோ என்ற பெயர் வழங்கலாயிற்று. காலப்போக்கில் இரு பெயர்களும் இடம் மாறிக்கொண்டன: நகரின் பெயர் தீவுக்கும், தீவின் பெயர் நகருக்கும் ஆயின.

தலைநகரான சான் ஹுவான் வடகரையில் இருக்கின்றது. இரண்டாவது பெருநகராக விளங்கிய பொன்சே, தென்கரையில் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டரே. ஆனால் தீவின் முதுகெலும்பைப் போல் ஒரு மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்து இரண்டையும் பிரிக்கின்றது. அதன் உச்சி 1,338 மீட்டர் உயரமுடையது. வடகிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையின் வடபுறத்திலேயே மழையைக் கொட்டிவிடுகின்றது. தென்புறம் வறண்டு கிடக்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மலையாள நாடு பசுமையாக இருக்க, இப்பால் கோவைச் சீமை மழைக்கு ஏங்கி நிற்பதை அறிந்த நம்மவர்க்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை சான் ஹுவானிலிருந்து பொன்சேக்குச் செல்ல விரும்பியவன் மலையைக் கடப்பதைவிடக் கப்பலேறித் தீவைச் சுற்றிச் செல்வதையே எளிதாகக் கருதினான். மலைப்பாதையிலோ குதிரையும் கோவேறு கழுதையுமே துணை. மழைக்காலத்தில் அவற்றுக்கும் வழியில்லை. மலைச்சரிவில் காப்பி விளைந்தது. தாழ்நிலத்தில் கரும்பு விளைந்தது. விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. இந்நிலையில், தலைநகரையும் பொன்சேயையும் மலைவழியே இணைக்கும் வண்டிச்சாலை ஒன்று வேண்டும் என ஸ்பானிய அரசாங்கம் முடிவு செய்தது. வாணிகம் பெருகுவது அதற்கொரு காரணம். தீவின் எந்த மூலையில் கலகம் எழுந்தாலும் படையை விரைவில் அனுப்ப வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

இச்சாலைக்கு ஸ்பானிய மொழியில் 'கர்ரெத்தேரா சென்ட்ரால்', அதாவது நடுச்சாலை என்று பெயர். 'கர்ரெத்தேரா' என்னும் சொல், வண்டியைக் குறிக்கும் 'கர்ரெத்தா' என்பதிலிருந்து வந்தது. நாம் வண்டிப்பாதை என்று சொல்வதற்கு ஏறக்குறைய ஒத்தது. மலையின்மீது வண்டி ஓட வேண்டும் என்பதே அப்பெயரில் அடங்கிய பெருவிருப்பம்.

வேலை ஒரே மூச்சில் நடக்கவில்லை. சமவெளிப் பகுதிகளில் முதலில் தொடங்கி, துண்டு துண்டாக அது வளர்ந்தது. வடபுறத்தில் சான் ஹுவானை அடுத்து ஒரு செங்கல் வளைவுப் பாலம் 1855இல் எழுந்தது. அக்காலத்து ஆளுநர் நோர்சாகராயின் பெயர் அதற்கு இடப்பட்டது. தென்புறத்தில் பொன்சேயிலிருந்து ஹுவானா டீயாஸ், கோவாமோ ஆகிய ஊர்களை நோக்கிச் சாலை ஏறத் தொடங்கியது. நடுவிலுள்ள ஐபோனிட்டோ, கயேய் ஆகிய மலையூர்களை ஒட்டிய பகுதியே யாவற்றினும் கடினமானது. அங்கே பாறையைப் பிளந்தும், பள்ளத்தாக்கின் ஓரத்தில் சுவரெழுப்பியும், கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து மடித்தும் சாலையை ஏற்ற வேண்டியிருந்தது. சில ஆறுகளின்மீது பொருத்துவதற்கு இரும்புப் பாலங்களின் பகுதிகள் ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து கொண்டுவரப்பட்டன. 1880களில் சாலை முழுவதும் ஒரே தொடராக இணைந்தது. நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டராக இருக்கும் தூரத்தை அது 130 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து கடந்தது. மலையோடு போரிடாமல் மலையின் போக்கிலேயே சென்று அதை வென்றனர் அக்காலத்துப் பொறியாளர்கள்.

இனி, இதனை உழைப்பால் உருவாக்கியவர்கள் யாவர் என்று கேட்போம். பாலங்களில் பொறித்த பெயர்கள் இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. கோவாமோவை அடுத்துள்ள ஒரு பாலம் மெந்தேஸ் விகோ என்ற ஆளுநரின் பெயரைத் தாங்கியிருக்கின்றது. மற்றொரு பாலத்துக்குப் பாதிரியார் இன்யிகோவின் பெயர் வைக்கப்பட்டிருக்கின்றது. 1788இல் வெளிவந்த அத்தீவின் சரித்திர நூலை எழுதிய துறவி அவர். சரித்திர ஆசிரியர் ஒருவருக்குப் பாலத்தின் வாயிலாகப் பெருமை செய்த நாடு என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அப்பாலத்துக்குக் கல் சுமந்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை.

அவர்களில் ஒரு சாரார் தண்டனைக் கைதிகள். மற்றொரு சாரார் நாட்கூலிகள். நாட்கூலிகளின் நிலையும் சுதந்திரமானதன்று. 1849இல் ஆளுநர் பெசுவேலா பிறப்பித்த ஆணையின்படி, நிலமில்லாத உழைப்பாளி ஒவ்வொருவனும் ஒரு சிறு பதிவேட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவன் எவரிடம் வேலை செய்கின்றான், எவ்வளவு கடன்பட்டிருக்கின்றான், நடத்தை எத்தகையது என்பனவற்றை முதலாளி அதில் எழுதி வைப்பான். பதிவேடின்றி அகப்பட்டவன் குறைந்த கூலிக்குப் பொதுப்பணிகளில் உழைக்கும்படி தண்டிக்கப்பட்டான். அப்பணிகளில் சாலை வேலை முக்கியமானது. இந்தப் பதிவேட்டு முறை 1873வரை நீடித்தது. அதே ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் அத்தீவில் அடிமை முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் அன்று விடுதலை பெற்றனர். ஆயினும் மேலும் மூன்றாண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் உழைக்கும் கடமை அவர்கள்மீது சுமத்தப்பட்டது. நடுச்சாலை வளர்ந்த ஆண்டுகள், மனிதன் இவ்வாறு அடிமைக்கும் கூலிக்கும் நடுவே ஊசலாடிய ஆண்டுகளாகும்.

மூன்றாவது சாராரின் கதை நம் உள்ளத்தை மிகவும் உருக்குவது. அவர்கள் சீனர்கள். 1847க்கும் 1874க்கும் இடையே, பக்கத்துத் தீவான கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குக் கொடுமை தாங்காது எதிர்த்தவர்களும் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றவர்களும் உண்டு. அவ்வாறு தண்டனை பெற்றவருள் சில நூற்றுவர், 1865 முதல், புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அனுப்பப்பட்டு நடுச்சாலையில் கல்லுடைக்கும்படி செய்யப்பட்டனர். சீனத்தில் பிறந்து, கியூபாவில் கரும்பு வெட்டி, மூன்றாவதொரு நாட்டின் மலையில் தங்கள் வாழ்வை முடித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இதே காலத்தில், 1854 முதல், பிரெஞ்சுக்காரரின் குவாதலூப் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். கரிபியன் தீவுகளில் கரும்புக்கும் சாலைக்கும் கைகொடுத்தவர்கள் கடல் பல கடந்து வந்த ஏழைகளே.

சாலையைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. வெப்பமண்டல மழை ஒரே பருவத்தில் கப்பிக்கல்லை அரித்துக்கொண்டு போய்விடும். இதனை ஸ்பானியப் பொறியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே சாலை நெடுகிலும், சில கிலோமீட்டருக்கு ஒன்றாக, செங்கல்லாலும் கல்லாலும் உறுதியான சிறு வீடுகளைக் கட்டினர். ஒவ்வொரு வீட்டிலும் சாலைப் பணியாளர் இருவர் குடும்பத்துடன் வசித்தனர். தமக்கென ஒதுக்கப்பட்ட தூரத்தைப் பேணுவது அவர்தம் கடமை. குழி விழுந்தால் ஜல்லி நிரப்புவர். மதகில் தழை அடைத்தால் அகற்றுவர். மண் சரிந்தால் வாரி ஒதுக்குவர். இவர்களுக்குப் 'பெயோன் கமினேரோ' என்று பெயர். கமினோ என்றால் பாதை. பெயோன் என்றால் காலால் நடந்து உழைப்பவன். இதே சொல்லின் போர்த்துகீசிய வடிவந்தான் நமது நாட்டுக்கு வந்து, அலுவலக வாயில்களில் 'பியூன்' ஆக நின்றது. கோப்பெடுத்துச் செல்பவரும் சாலையில் குழி நிரப்பியவரும் சொல்லளவில் உடன்பிறந்தார் என்பதை அறியும்போது, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகின்றது. அப்பணியாளர் குடியிருந்த வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. பாதுகாக்கப்பட வேண்டிய சரித்திரச் சின்னங்களாக அவை பதிவு பெற்றுள்ளன. சாலையின் சரித்திரத்தில் உழைப்பாளிக்குக் கிடைத்த கல்வெட்டு இவ்வீடுகளே என்று கருதலாம்.

சாலை இணைந்ததும் மலைநாட்டின் வாழ்வு மாறியது. காப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் பொன்சே துறைமுகத்துக்கு இறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் காப்பியே தீவின் தலையாய ஏற்றுமதிப் பொருளாக உயர்ந்தது. கோவாமோவின் வெந்நீர் ஊற்றுகளுக்கு நோய் நீங்க நீராட வருவோர் பெருகினர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்திலுள்ள ஐபோனிட்டோ, குளிர்ச்சி நாடுவோர் தங்கும் ஊராயிற்று. சாலையின் இருமருங்கும் நிழலுக்காக மரங்கள் வளர்க்கப்பட்டன. வட இந்திய நகரங்களில் வெயிற்காலத்தில் செந்தீயெனப் பூக்கும் குல்மோகர் மரத்தை நேயர்கள் கண்டிருப்பர்; மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய அம்மரமே அத்தீவின் சாலைகளுக்கும் அழகூட்டுகின்றது.

ஆனால் சாலை தன்னைப் போட்டவனுக்கே என்றென்றும் விசுவாசமாக இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் போர் மூண்டது. ஜூலை 25ஆம் நாள் ஜெனரல் மைல்ஸ் தலைமையில் அமெரிக்கப் படை தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள குவானிக்காவில் இறங்கியது. மூன்றே நாளில், சண்டையின்றி, பொன்சே அவர்கள் கைக்கு வந்தது. அங்கிருந்து தலைநகருக்குச் செல்லும் வழி எது? ஸ்பெயின் அரும்பாடுபட்டு அமைத்த நடுச்சாலையே. பீரங்கி வண்டிகளும் உணவு வண்டிகளும் உருளத்தக்க மலைவழி அதைவிடச் சிறந்தது வேறில்லை. ஜெனரல் வில்சனின் படைப்பிரிவு அவ்வழியே ஹுவானா டீயாஸைக் கடந்து கோவாமோவை நெருங்கியது.

ஆகஸ்டு 9ஆம் நாள் கோவாமோவில் சண்டை நடந்தது. சாலையை ஸ்பானியர் காத்து நின்றனர். அமெரிக்கரின் ஒரு பிரிவு, பென்சில்வேனியாவின் 16ஆவது படை, முந்திய இரவே சாலையை விட்டு விலகி, மலைமீதிருந்த ஒற்றையடிப் பாதையில் இருளிலே நடந்து, விடியற்காலையில் ஊருக்குப் பின்புறம் வந்து சேர்ந்தது. ஐபோனிட்டோவுக்குப் பின்வாங்கும் வழி அடைபட்டது. ஸ்பானியத் தளபதி மார்த்தினெஸ் இல்லெஸ்காஸ் அச்சண்டையில் உயிரிழந்தார். நூற்றுக்கு மேற்பட்ட வீரர் சிறைப்பட்டனர். செம்மையான பெருஞ்சாலையைக் காத்து நின்றவர்களைப் பெயரற்ற ஒற்றையடிப் பாதை தோற்கடித்தது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது.

கோவாமோவுக்கு அப்பால் சாலை செங்குத்தாக ஏறி, அசோமாந்தே என்னும் மேட்டின்கீழ் வளைந்து செல்கின்றது. அங்கே ஸ்பானியர் பதுங்கு குழிகள் வெட்டிப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தனர். கீழே வரும் ஒவ்வொரு வளைவும் அவர்களுடைய குறிக்குள் இருந்தது. ஆகஸ்டு 12ஆம் நாள் இரு தரப்புப் பீரங்கிகளும் முழங்கின. அமெரிக்கர் முன்னேற இயலவில்லை. மறுநாள் மீண்டும் மலையைச் சுற்றிச் செல்ல வில்சன் திட்டமிட்டிருந்தார். ஆனால், அன்றைக்கே வாஷிங்டனில் போர் நிறுத்த உடன்பாடு கையொப்பமாகியிருந்தது. 13ஆம் நாள் செய்தி எட்டியதும் படைகள் நின்ற இடத்திலேயே நின்றன. அக்டோபர் 18இல் சான் ஹுவானில் ஸ்பானியக் கொடி இறங்கியது. டிசம்பர் 10இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி தீவு கைமாறியது. ஸ்பானியர் நடுச்சாலை என்று அழைத்ததை அமெரிக்கர் 'இராணுவச் சாலை' என்று அழைக்கலாயினர். ஒரு சாலையின் பெயரை மாற்றுபவன், அதை எதற்காகத் தான் கண்டான் என்பதையும் சொல்லிவிடுகின்றான்.

போர் ஓய்ந்த மறு ஆண்டே பேரிடர் வந்தது. 1899 ஆகஸ்டு 8ஆம் நாள் சான் சிரியாக்கோ என்னும் பெரும்புயல் தீவைத் தாக்கியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காப்பித் தோட்டங்கள் நிழல் மரங்களோடு வேரோடு சாய்ந்தன. ஆட்சி மாற்றத்தால் ஐரோப்பியச் சந்தையில் இருந்த பழைய சலுகையும் போயிற்று. மலைநாட்டு மக்கள் பிழைப்பிழந்து கரைக்கு இறங்கினர். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் அங்கே காத்திருந்தனர். முதற்கூட்டத்தினர் கப்பலிலும் இரயிலிலுமாகப் பாதி உலகைக் கடந்து 1900 டிசம்பரில் ஹொனலூலு சேர்ந்தனர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஐயாயிரம் பேரளவில் அங்குக் குடியேறினர். காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த மலைவழிகள் இப்போது காப்பி பயிரிட்டவர்களையே கொண்டுவந்தன. ஊரையும் உலகையும் இணைக்கும் சாலை பொருள்களுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. ஊர்விட்டுப் போவோருக்கும் அதுவே வழி. இவ்வுண்மையை நம்முள் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்விலிருந்தே அறிவோம்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்தது. வளைவுகள் பெருமையாக இருந்த காலம் போய்ச் சுமையாக மாறின. 1970களில் சான் ஹுவானுக்கும் பொன்சேக்கும் இடையே கட்டணம் வசூலிக்கும் அதிவேகச் சாலை ஒன்று பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு 1975இல் நிறைவெய்தியது. பொன்சேயில் பிறந்தவரும் முன்னாள் ஆளுநருமான லூயிஸ் ஃபெர்ரேயின் பெயரை அது பெற்றது. தலைநகரிலிருந்து தென்கரைக்கு விரைபவர் யாவரும் அவ்வழியே செல்கின்றனர். பழைய நடுச்சாலை பல எண்களாகப் பிரிந்து, புகழிழந்து, இரண்டாம் நிலையை அடைந்தது. பொன்சேயிலிருந்து ஹுவானா டீயாஸ், கோவாமோ, ஐபோனிட்டோ வழியாகக் கயேய் வரையுள்ள அதன் தென்பகுதி இன்று 14ஆம் எண் சாலை என வழங்குகின்றது.

இதை வீழ்ச்சி என்று கொள்ளலாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. இரு பெருநகரங்களை இணைப்பதே நோக்கமாக இருந்தபோது, இடையிலுள்ள ஊர்கள் வெறும் தங்கல்களாக இருந்தன. இன்றோ அச்சாலை அவ்வூர்களுக்கே உரியது. ஐபோனிட்டோவில் மலர்த் திருவிழாவுக்குச் செல்வோரும், ஹுவானா டீயாஸில் மூவரசர் திருநாளுக்குச் செல்வோரும், பக்கத்து ஊரில் பெண் கொடுத்தவரும், பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோரும் அதன்வழியே செல்கின்றனர். நாட்டுப்புறத்தில் ஒருவருடைய முகவரியே சாலை எண்ணும் கிலோமீட்டர்க் குறியுமாக இருப்பதுண்டு. இன்ன சாலையில் இத்தனையாவது கிலோமீட்டரில் எங்கள் வீடு என்பர். தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவது ஸ்பானியர் விட்டுச்சென்ற வழக்கம். அதே சாலையில் வேக வரம்பை மைலில் எழுதுவது அமெரிக்கர் கொண்டுவந்த வழக்கம். இரண்டு பேரரசுகளின் அளவுகோலும் ஒரே சாலையோரத்தில் நிற்க, மக்கள் இரண்டையும் படித்துக்கொண்டு தம் வழியே போகின்றனர்.

2017 செப்டம்பர் 20ஆம் நாள் மரியா என்னும் புயல் தீவைக் குறுக்காகக் கடந்தது. மின்சாரம் அற்றது, தொலைபேசி ஓய்ந்தது, சாய்ந்த மரங்களும் சரிந்த மண்ணும் மலைச்சாலைகளை அடைத்தன. உதவி வந்து சேரும்வரை பல ஊர்கள் தனித்து நின்றன. அப்போது மலைநாட்டின் பல இடங்களில் மக்கள் அரசாங்கத்தின் இயந்திரத்துக்குக் காத்திராமல், அரிவாளும் இரம்பமும் எடுத்துக்கொண்டு, தத்தம் வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசல்வரை வழியைத் தாமே திறந்தனர். பழைய சாலைப் பணியாளர் கூலிக்குச் செய்த கடமையை அன்று அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் கூலியின்றிச் செய்தனர்.

ஸ்பெயின் தன் ஆட்சி நிலைக்கும் என்று போட்ட சாலை அது, ஆட்சி போயிற்று. அமெரிக்கப் படை அதன்மீது நடந்தது. அப்படையும் அசோமாந்தேயின் அடிவாரத்தில் நின்றுவிட்டது. சீனக் கைதியும், பதிவேடில்லாக் கூலியும் உடைத்த கல்லின்மீது இன்று பள்ளிப் பிள்ளைகள் செல்கின்றனர். ஆணையிட்டவர் எண்ணியது ஒன்று. காலம் அளித்த பயன் மற்றொன்று. நேயர்களே, நம் நாட்டிலும் புதிய அதிவேகச் சாலைகள் எழுந்தபின் பழைய சாலைகள் பல பக்கத்து ஊர்களுக்கிடையே ஓடும் எளிய வழிகளாக மாறியிருக்கின்றன. அடுத்த முறை அத்தகைய ஒன்றில் செல்ல நேரும்போது, மதகுச் சுவரில் பொறித்த பெயரைப் படிப்பதோடு நில்லாமல், பொறிக்கப்படாத பெயர்களையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.